பொட்டு முதலில், முகம் பிறகு

நவம்பர் 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. காக்களூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பொம்மைப் படம் எடுக்கும் எங்கள் ஷெட்டுக்குள்ளும் ஈரம். காலையில் தீட்டிய சாயம் மத்தியானம் வரை காயவில்லை. அடுக்கி வைத்த ஏழு தாள் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் அப்பா பொம்மையின் மூக்கு அம்மா பொம்மையின் முதுகோடு போய்விட்டது. கூட வேலை செய்யும் பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். போன வருஷமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இந்த டைரி, ஷெட்டை நடத்துகிற மாஸ்டர் மேஜையை ஒழித்தபோது கொடுத்தது. 72ஆம் வருஷத்தது. கிழமை ஒத்துவரவில்லை, அடித்துவிட்டு எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

இன்று புதுக் கதை ஆரம்பம். ஐந்தாவது. அதே குடும்பம்தான். தொப்பை அப்பா, கொண்டை அம்மா, வேலை வெட்டி இல்லாத மாமா, கல்யாண வயசில் ஒரு பெண். தாள் தாளாக வரைந்து, பத்து நிமிஷம் ஓடும் பொம்மைப் படம். கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் போடுகிறார்கள். இந்தத் தடவை, பெண் பார்க்க வருகிற கதை.

அது எங்கிருந்து வந்த கதை என்று எனக்குத் தெரியும். சித்திரை மாசம் மாஸ்டர் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார். "உங்க ஊட்டுல பொண்ணு பாக்க வந்தப்போ இன்னா கூத்து நடந்துச்சு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க." நான்தான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். என் பெரிய மகளைப் பெண் பார்க்கப் பள்ளிப்பட்டிலிருந்து வந்த கதையைச் சொன்னேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் எழுதிக்கொண்டார். அப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாசம்.

ஆடியில் அவள் போய்விட்டாள். கதை இப்போது வந்திருக்கிறது.

அவள் பேரை முழுசாக எழுதினால் கை நின்றுவிடுகிறது. ச. என்று போட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 6, செவ்வாய்

தூறல். சின்னவள் கலா குடை கொண்டுவந்து கொடுக்க ஷெட்டுக்கு வந்தாள். டைப் கிளாஸ் இல்லையாம். கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இன்னாம்மா, பொட்ட மொதல்ல வெச்சிட்டு அது மேலயே மூஞ்சிய பூசற?"

பிலோமினா முந்திக்கொண்டாள். "ஏம்மே, உங்கம்மா தீட்டறது கண்ணாடித் தாளு. நான் முன்பக்கம் கோடு இஸ்த்துக் குடுப்பேன். உங்கம்மா திருப்பிப் போட்டு முதுவுல சாயம் வெக்கும். முன்னால பாக்கறவனுக்கு மொதல்ல வெச்சதுதான் தெரியும். மூஞ்சிய பூசிட்டுப் பொட்டு வெச்சா, பொட்டு உள்ள ஒளிஞ்சிக்கும்."

"தலைகீழ் வேலை" என்றாள் கலா.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மாஸ்டர் எனக்குச் சொன்ன முதல் பாடம் அது. நாலு வருஷமாகத் தப்பியதில்லை. கலாவின் அப்பா போன பிறகு என் நெற்றியில் ஒன்றுமில்லை. என் கை பொட்டு வைப்பது இந்தப் பொம்மைகளுக்குத்தான்.

இன்று தீட்டியது: பெண்ணின் கை 22 தாள், காபித் தட்டு 22 தாள், கார் டிரைவரின் தொப்பி 9 தாள்.

டிரைவர் தொப்பி நான் சொன்னதுதான். வாடகைக் காரில் வந்தார்கள். மழை என்று டிரைவரையும் உள்ளே கூப்பிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். ச. தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையைத் தாண்டி, அவர் அப்பாவைத் தாண்டி, நேராகப் போய் டிரைவருக்குக் காபியை நீட்டி, காலிலும் விழுந்துவிட்டாள். அவன் பதறி எழுந்து நாற்காலியைக் கவிழ்த்தான். கூடமே சிரித்தது. சம்பந்தி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "வெகுளிப் பொண்ணு. இந்த மாதிரிதான் வோணும் எங்களுக்கு."

பொண்ணுக்குச் சம்மதமா கேளுங்க என்று யாரோ சொன்னார்கள். நான் முன்னால் நிற்கவில்லை, கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன், "அவளுக்கு இன்னா தெரியும், நான் சொன்னா சரிதான்."

அதையும் மாஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். கொண்டை அம்மா பேசுகிற வசனம் இப்போது அது. மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் வந்து கீச்சுக் குரலில் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போனாளாம்.

நவம்பர் 7, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி துவைத்தேன்.

சாயந்தரம் என் கூடப்பிறந்த கோவிந்தன் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னார். பள்ளிப்பட்டில் பேசிக்கொள்கிறார்களாம். கலாவை ச.வின் மாப்பிள்ளைக்கே இரண்டாம் தாரமாகக் கேட்கிறார்களாம்.

"வருசம் திரும்பலியே அண்ணா."

"கொழந்தைக்காகச் செய்யறது. அதுல தோசம் இல்ல. அக்கா ஊட்டுக்குத்தானே போறா, அசலூட்டுக்கா? மார்கழி வர்றதுக்குள்ள முடிச்சிடணும்ன்றாங்க."

"கலா சின்னப் பொண்ணு."

"பத்தொன்பது சின்னதா? மங்கா, நான் சொல்றதக் கேளு. நாளைக்கு அவன் வேற எடத்துல கட்டிக்கினா, வர்றவ அந்தக் கொழந்தைய உன் கண்ணுல காட்டுவாளா?"

கலா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

நவம்பர் 9, வெள்ளி

தலைவலி. சுக்குப் பற்று. வேலைக்குப் போனேன்.

மண்ணெண்ணெய் இல்லை. கலாவின் ஊதா ஜாக்கெட் பிரித்துத் தைக்க வேண்டும்.

பழைய கதையின் தாளை எல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டோம். புதுத் தாள் கிடைப்பதில்லை, கழுவித்தான் மறுபடி எடுக்கிறோம். மாமா பொம்மை முதலில் கரைந்து போனது. எப்போதும் சிவப்புதான் கடைசியில் போகிறது.

குழந்தையை நினைத்துக்கொண்டே இருந்தேன். நாலு மாசம். பிறந்த பிறகு இரண்டு தடவை பார்த்தது.

நவம்பர் 11, ஞாயிறு

சம்பந்தி அம்மா வந்தாள். குழந்தையோடு. அண்ணன் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

குழந்தையை என் மடியில் போட்டாள். அதே நெற்றி. காதுமடல் மடிந்திருப்பது கூட அப்படியே. கலா எட்ட நின்றாள், பிறகு வந்து பாதத்தை மட்டும் தொட்டாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பாத்தியா, யார்கிட்டப் போவணும்னு அதுக்கே தெரியுது" என்றாள் சம்பந்தி அம்மா. "எங்க புள்ள எத்தினி நாளு ஒத்தையா கீறது? நாலு எடத்துல வந்து கேக்கறாங்க. நாந்தான் சொன்னேன், மொதல்ல மங்காம்மா ஊடு, அப்பறம்தான் வேற ஊடுன்னு."

நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன். "தலப் பிரசவத்துக்கு ஏன் அனுப்பல சம்மந்தி?"

"ஊட்டுல ஆளில்லன்னு அப்பவே சொன்னோமே. முடிஞ்சத பேசி இன்னா ஆவப் போவுது?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

ஜன்னி கண்டது பிரசவமான மூன்றாம் நாள். எனக்கு ஆள் வந்தது எட்டாம் நாள். திருத்தணியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, பூ வைத்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். புண்ணியவதி, பூவோடும் பொட்டோடும் போனாள் என்று ஊரே சொன்னது. காய்ச்சல் இன்னும் இருக்கிறதா என்று எனக்கு அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைத்துப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு வெற்றிலை பாக்கோடு வருகிறார்களாம். அன்றைக்கு ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மடி ஈரம். புடவையை மாற்றவில்லை.

கலாவை நான் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 12, திங்கள்

இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை.

பெண் தலையாட்டுகிற காட்சி என் கைக்கு வந்தது. பதினாறு தாள். "அவளுக்கு இன்னா தெரியும், நான் சொன்னா சரிதான்" என்று அம்மா சொன்னதும் பெண் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஆட்டு ஆட்டு என்று ஆட்டுவாள்.

மாஸ்டர் அவசரம். "மங்கா, நாளைக்கு கேமராவுக்குக் குடுத்தாவணும். புதன்கிழமை ரீலு மெட்ராஸுக்குப் போவணும்." கையுறையோடு உட்கார்ந்தவள் சாயந்தரம் வரை எழுந்திருக்கவில்லை. புடவை பச்சை, ரவிக்கை மஞ்சள், முகம், கழுத்து, எல்லாம் மளமளவென்று ஆயிற்று. கடைசியாகப் பதினாறுக்கும் பொட்டு வைத்தேன். அழகாக வந்தது.

பிலோமினா கேட்டாள், "இன்னாக்கா, கூப்பிட்டா காதுல விழல?" விழவில்லை.

என் மனசு முழுக்கக் குழந்தை. கலா போனால் குழந்தை எனக்கு உண்டு. கலா போகாவிட்டால் இல்லை. இப்படி எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.

நவம்பர் 14, புதன்

மழை. ரீல் போயிற்று. ஷெட்டில் வேலை குறைவு. தூரிகைகளைக் கழுவி வெயிலில் வைக்க வெயில் இல்லை.

அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குக் கேசரி கிளறச் சொல்லி. சர்க்கரை போதாது.

நவம்பர் 17, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கு ஊர்க் கொட்டகையில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வீட்டாரையும் கூட்டி வரலாம் என்றார் மாஸ்டர். கலாவை அழைத்துப் போனேன். கொட்டகைக்காரர், அவர் குடும்பம், வீட்டாரோடு ஷெட்டு ஆட்கள் எல்லாரும், வெளியே நின்ற ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு பேர். நாற்பது பேர் இருப்போம்.

அப்பா தொப்பை மேல் பேப்பர் வைத்துத் தூங்கினார். சிரித்தார்கள். மாமா மிக்சர் திருடினார். சிரித்தார்கள். கார் வந்தது. பெண் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, தொப்பி போட்ட டிரைவருக்குக் காபியை நீட்டி, காலில் விழுந்தாள். கொட்டகையே அதிர்ந்தது. ரிக்‌ஷாக்காரர் ஒருத்தர் விசில் அடித்தார். "அட, வெகுளிப் பொண்ணுடா!"

நான் கலாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அம்மா வசனம். பெண் தலையை ஆட்டினாள். ஆட்ட ஆரம்பித்ததும் பொட்டு காணாமல் போயிற்று. பதினாறு தாளும் பாழ் நெற்றி. ஆட்டி நிறுத்தினாள், பொட்டு வந்துவிட்டது. மறுபடி ஆட்டினாள், மறுபடி போயிற்று.

கொட்டகைக்காரர் வீட்டு அம்மாள் "ஐயோ, இன்னாடி இது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

விளக்கு வந்ததும் மாஸ்டர் எழுந்தார். "மங்கா, இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க? கல்யாணப் பொண்ணு பொட்டு இல்லாமயா? கொட்டாயக் கொளுத்திடுவானுங்க! நாலு வருசமா தீட்டற, இது தெரியாது?"

"மூஞ்சிய மொதல்ல பூசிட்டேன் மாஸ்டர்." அவ்வளவுதான் சொல்ல வந்தது. பிலோமினா குறுக்கே வந்தாள். "விடுங்க மாஸ்டர், அக்கா சரியில்ல. கேமராக்காரரும்தான் பாத்தாரு, அவுருக்குக் கண்ணு இல்லையா?" திங்கட்கிழமை அந்தப் பதினாறையும் கழுவி மறுபடி தீட்டித் தர வேண்டும்.

நடந்து வந்தோம். குளத்தங்கரை வந்ததும் கலா நின்றாள். படிக்கட்டில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"ம்மா, தொப்பி போட்டுகினு ஓரமா ஒக்காந்துகினு இருந்தவன யாராவது மாப்பிள்ளன்னு நெனப்பாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"அக்கா ஜன்னல்லயே பாத்துடிச்சி, யாரு மாப்பிள்ள, யாரு டிரைவருன்னு. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் தட்ட எடுத்துகினு போச்சி. 'பைத்தியம்னு நெனச்சி எழுந்து பூடுவாங்க பாரு'ன்னுச்சி."

தண்ணீரில் மழைப் புள்ளி விழ ஆரம்பித்தது.

"வேணான்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டியா?"

இல்லை என்றேன்.

"எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவங்க கூடவே நீயும் சிரிச்ச. உள்ள வந்து அது அந்தத் தட்ட கழுவிகினே இருந்துச்சி. நான் வாங்கி வெச்சேன்."

ஆமாம், நான் சிரித்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை. ஷெட்டில் சொன்னபோதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். இனிமேல் கொட்டகைக்குக் கொட்டகை சிரிப்பார்கள்.

பிறகு கலாவைக் கேட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. "உனக்கு இதுல இஷ்டமா?"

"கொழந்தய நெனச்சா போவலாம்னு கீது. அந்த ஊட்ட நெனச்சா கால் வரல. அங்கதான்மா அது அஞ்சி நாளு காச்சல்ல கெடந்துச்சி."

"இஷ்டமா, இல்லையா?"

"இல்லம்மா."

எழுந்து வந்தோம். நனைந்துவிட்டோம். குடை கையிலேயே இருந்திருக்கிறது.

நவம்பர் 18, ஞாயிறு

மழை இல்லை. மூட்டம்.

கேசரி கிளறவில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். சம்பந்தி அம்மா, அவள் வீட்டுக்காரர், அண்ணன். மாப்பிள்ளை வரவில்லை, பார்த்த பெண்தானே என்று. குழந்தை சம்பந்தி அம்மா இடுப்பில். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள்.

நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. கூடத்தில் நின்றேன். அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா மங்கா, தட்ட வாங்கிக்க. நல்ல நேரம் போவுது."

"கலாவக் கேளுங்க அண்ணா."

"அதுக்கு இன்னா தெரியும்? நீ சொல்லு."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. அவளயே கேளுங்க."

கலா வந்தாள். கையில் தட்டு கிட்டு ஒன்றுமில்லை. "எனக்கு வேணாம் அத்தே. மன்னிச்சிடுங்க" என்றாள். எல்லாருக்கும் கேட்டது.

சம்பந்தி அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்க்கவில்லை. "நீ சொல்லிக் குடுத்தியா?"

"கேட்டேன். சொல்லிச்சு."

"பெரியவ வாயத் தொறக்க மாட்டா. இது இப்பவே இப்படி. நல்ல வேள, நாங்க தப்பிச்சோம்." எழுந்துவிட்டாள். "கொழந்தைய இனிமே மறந்துடு மங்காம்மா. அதுக்கு ஒரு அம்மா வருவா. நடுவுல நீ வந்து நின்னா நல்லா இருக்காது."

ஒரு தடவை கொடுங்கள் என்று கையை நீட்டினேன். கொடுத்தாள், அதைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் இருக்கும். பால் வாசனை. காதுமடலைத் தடவினேன். வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "உனக்கு இனிமே அண்ணன் கிடையாது. பொண்ணாண்டயே கேட்டு நடத்திக்கோ எல்லாத்தையும்."

பஸ் ஸ்டாண்டு வரை பின்னால் போனேன். ஏன் போனேன் தெரியாது. பஸ் ஜன்னலோரம் குழந்தை தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கலா சமையல்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னவளுக்கும் அழுகை வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன். சாதம் வடிக்கவில்லை. மத்தியானம் பொரி தின்றோம்.

சரியாகச் செய்தேனா? குழந்தை பெரிசாகிக் கேட்டால் யார் சொல்வார்கள், இப்படி ஒரு பாட்டி இருந்தாள் என்று?

நவம்பர் 19, திங்கள்

வெயில். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு.

பதினாறு தாளையும் கழுவினேன். கழுவும் முன் பின்பக்கமாகப் பார்த்தால் முகத்தின் மேல் எல்லாப் பொட்டும் அப்படியே இருந்தது, சிவப்பாக. தண்ணீரில் முதலில் போனது அதுதான். மேலே இருந்ததால்.

பிலோமினா டீ வாங்கி வந்து வைத்தாள்.

மாஸ்டரிடம் போய் நின்றேன். "மாஸ்டர், அந்தக் காபிக் கட்டத்த எடுத்துடலாமா?"

"எது? டிரைவரு கட்டமா? வெளயாடறியா மங்கா? படமே அதுலதான் நிக்கிது."

தெரிந்துதான் கேட்டேன். இரண்டாவதாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்டேன். "அப்போ அது டிரைவராண்ட போறதுக்கு முன்னால ஒரு தபா மாப்பிள்ளைய பாக்கட்டும். நல்லா பாக்கட்டும். அப்பறம் போவட்டும்."

"எதுக்கு?"

"பாத்துட்டுத்தான் குடுத்தா."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். என் முகத்தைப் பார்த்தார். "நாலு தாளு ஆவும். அந்தப் பதினாறோட சேத்து எடுத்துடலாம்" என்றார். பிறகு, "இன்னும் கூடச் சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். எங்கேயாவது ஒரு கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி சிரிக்காமல் இருப்பாள்.

மத்தியானத்துக்குள் பென்சிலில் போட்டுக் கொடுத்துவிட்டார். பிலோமினா கோடு இழுத்தாள். மூன்று மணிக்கு என் கைக்கு வந்தது. தலை திரும்புகிறது, கண் நிமிர்கிறது, நாலு தாள். திருப்பிப் போட்டேன். நாலிலும் பொட்டு வைத்தேன். காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணுக்குக் கறுப்பு. முகம் இன்னும் பூசவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பொட்டும் கண்ணும் மட்டும் நிற்கிறது. சரசு மாப்பிள்ளையைப் பார்க்கிறாள்.